உங்க வீட்டுக் காரைக் கம்பெனி தேடுதா?



இந்தப் பகுதியில் சமையல் குறிப்பு, கை வைத்தியம், பிள்ளைகள் படிப்பு, மாமியார் - மருமகள் சமாச்சாரம் எல்லாம் எழுதுகிறோம், படிக்கிறோம். கார் விஷயம் மட்டும் ஆம்பளைங்க பாத்துக்குவாங்கன்னு ஒதுக்கி வச்சிடுறோம். ஆனா அந்தக் காரில் பின் சீட்டில் பிள்ளைகளையும் வயசான அத்தை மாமாவையும் வச்சுக்கிட்டு உட்கார்ந்து போவது யார்? நாமதானே! அதனால்தான் இந்த வாரம் 'ரீகால்' என்கிற விஷயத்தைப் பற்றி எழுதலாம்னு உட்கார்ந்தேன்.

எங்க காரியாபட்டிப் பக்கம் கார் வைத்திருக்கிற வீடுகளை ஒரு காலத்தில் விரல் விட்டு எண்ணிடலாம். இப்போ தெருவுக்குத் தெரு கார் நிக்குது. அதுவும் பெரும்பாலும் உயரமான எஸ்.யூ.வி. வண்டிகள்தான். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கோ, திருச்செந்தூருக்கோ போகணும்னா ஏழு பேர் ஏறிக்கலாம். மதுரை - தூத்துக்குடி நாலுவழிச் சாலையில் ஏறிட்டா வேகத்துக்குக் கேட்கவே வேண்டாம். அந்த வேகத்தில் வண்டியில் ஒரு சின்ன பாகம் சரியில்லேன்னாலும் போச்சு. இதை நினைச்சால்தான் வயிற்றைக் கலக்குது.

ரீகால்னா என்ன? நம்ம சிவகாசி அச்சாபீசில் காலண்டர் அடிக்கிறாங்க. அதில் ஒரு கட்டில் மட்டும் அமாவாசை தேதி மாறி விழுந்திடுச்சுன்னு வச்சுக்குங்க. அந்தக் கட்டு யார் யாருக்குப் போச்சோ, அவங்ககிட்ட சொல்லித் திரும்ப வாங்கி, சரியாக அடிச்சுக் கொடுப்பாங்க. மத்த காலண்டர் எல்லாம் நல்ல காலண்டர்தான். அதே மாதிரி, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைக்கும் செய்த வண்டிகளில் இந்தப் பாகத்தில் கோளாறு இருக்கலாம்னு கம்பெனியே கண்டுபிடிச்சு, வண்டியைக் கூப்பிட்டு, காசு வாங்காம சரி பண்ணிக் கொடுப்பதுதான் ரீகால்.

இது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. நம்ம நாட்டிலேயே வாகன உற்பத்தியாளர்கள் சங்கமான 'சியாம்' 2012 ஜூலையில் இதற்கு ஒரு நடைமுறையைக் கொண்டு வந்தது. நம்ம கண் முன்னால் ஓடுகிற வண்டிகளையே சொல்கிறேன்.

2022 அக்டோபரில் கியா கம்பெனி கேரன்ஸ் வண்டிகள் 44,174-ஐ சோதிக்கக் கூப்பிட்டது. ஏர்பேக்கை இயக்குகிற கம்ப்யூட்டர் பெட்டியின் சாப்ட்வேரில் கோளாறு இருக்கலாம் என்பது காரணம். 2023 ஆகஸ்டில் மஹிந்திரா, எக்ஸ்.யூ.வி. 700 வண்டிகள் 1,08,306-ஐக் கூப்பிட்டது. 2021 ஜூன் 8 முதல் 2023 ஜூன் 28 வரை செய்த வண்டிகள் இவை. எஞ்சின் பக்கம் போகிற ஒயர் கட்டு உராய்ந்து அறுபடலாம் என்பதால் அதைப் பார்த்துச் சரி செய்யத்தான். 2021 செப்டம்பரில் மாருதி, சியாஸ், எர்டிகா, பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்.எல்.6 பெட்ரோல் வண்டிகள் 1,81,754-ஐக் கூப்பிட்டது. பாகத்தை மாற்றும் வரை தண்ணி தேங்கிய ரோட்டில் ஓட்ட வேண்டாம், மின்சாரப் பாகங்களில் நேராகத் தண்ணி அடிக்க வேண்டாம்னு அப்போ சொன்னாங்க. நம்ம ஊரில் வாசலில் காரை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஓஸ் பைப்பால் உள்ளேயும் பீச்சி அடிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. இந்தச் செய்தி தெரியாத வீட்டில் அப்பவும் அப்படித்தானே கழுவியிருப்பாங்க?

எனக்கு மனசில் தைத்தது 2023 ஜனவரிச் செய்திதான். மாருதியின் கிராண்ட் விட்டாரா வண்டிகள் 11,177-ஐக் கூப்பிட்டாங்க. பின் சீட் பெல்ட்டைப் பிடித்து நிறுத்துகிற பிராக்கெட் நாள்படத் தளரலாம் என்றார்கள். பின் சீட் என்றால் நம்ம இடம் இல்லையா! அதே மாதம் இன்னொரு ரீகால். ஏர்பேக் கன்ட்ரோலரை மாற்ற வேண்டும்னு ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ, பிரெஸ்ஸா, பலேனோ, கிராண்ட் விட்டாரா எல்லாம் சேர்த்து 17,362 வண்டிகள். அதை மாற்றும் வரை வண்டியை ஓட்டவே வேண்டாம்னு கம்பெனியே சொன்னது. ஆக, சில ரீகால் அடுத்த சர்வீஸ் வரைக்கும் பொறுக்கும். சிலது ஒரு நாள்கூடப் பொறுக்காது. எது எப்படின்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

ஏர்பேக் பற்றி இன்னொண்ணு. வண்டி மோதினதும் உள்ளே இருக்கிற ஒரு மருந்து எரிந்து, கண் சிமிட்டுகிற நேரத்துக்குள் பையை ஊதி விடும். மருந்து பற்றி நம்ம வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். நமத்துப்போன பட்டாசு புஸ்ஸுன்னு போயிடும்னு நமக்குத் தெரியும். ஜப்பானின் டகாட்டா கம்பெனி செய்த ஏர்பேக்கில் நடந்தது நேர்மாறு. அதில் அம்மோனியம் நைட்ரேட் மருந்து. வருஷக்கணக்கில் வெயிலும் ஈரக்காற்றும் பட்டுப் பட்டு அது கெட்டுப்போய், வெடிக்கும்போது அளவுக்கு மீறி வெடித்தது. இரும்புக் கூடே சிதறி, உள்ளே இருந்தவர்கள் மேல் பாய்ந்தது. பல நாடுகளில் உயிரே போயிருக்கு. உலகம் பூராவும் கோடிக்கணக்கான ஏர்பேக்குகளை மாற்ற வேண்டி வந்தது. 2017-ல் அந்தக் கம்பெனி திவாலாச்சு. நம்ம நாட்டிலும் 2018 ஜனவரியில் மட்டும் இதற்காக ஹோண்டா 22,834 கார்களைக் கூப்பிட்டது. வெயிலும் ஈரமும் நமக்கு என்ன குறைச்சலா? பழைய கார்தானே, இனி என்ன ரீகால்னு விட்டுடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். (ஏர்பேக் நன்றாக இருக்கிற வண்டியிலும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரவே கூடாது. பை விரிகிற வேகத்தைப் பிஞ்சு உடம்பு தாங்காது.)

சரி, கம்பெனிதான் கூப்பிடுதே, அப்புறம் என்ன கவலைன்னு கேட்பீங்க. கூப்பிடுறது நம்ம காதில் விழணுமே! வண்டி வாங்கும்போது கொடுத்த போன் நம்பருக்குத்தான் செய்தி வரும். அது வீட்டுக்காரரின் பழைய நம்பராக இருக்கும். இல்லேன்னா கூடப் போன அண்ணன் மகன் நம்பராக இருக்கும். கை மாறி வாங்கிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், முதல் ஓனருக்குத்தான் போகும்.

எங்க சொந்தத்திலேயே இப்படி நடந்தது. எங்க மதினி வீட்டில் இரண்டு வருஷம் ஓடின எஸ்.யூ.வி. ஒன்றை மதுரையில் வாங்கினாங்க. நல்ல வண்டி, பளபளன்னு இருந்தது. மூணாம் மாசம் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏர்பேக் விளக்கு சிவப்பாக எரிய ஆரம்பிச்சது. அணையவே இல்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், "அது சென்சார் தொந்தரவு அண்ணாச்சி. விளக்கு கண்ணை உறுத்துனா கனெக்‌ஷனைக் கழட்டி விட்டுரலாம்"னு சொல்லியிருக்காங்க.

மதினி விடலை. "விளக்கு எதுக்கு எரியுதுன்னு தெரியாம அதை அமத்துறதா? அடுப்பில் கேஸ் வாடை வந்தா மூக்கைப் பொத்திக்கிட்டாப் போதுமா?" என்று பிடிவாதமாக நின்னு, ஆர்.சி. புக்கோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போகச் சொன்னாங்க. அங்கே சேஸிஸ் நம்பரைத் தட்டிப் பார்த்துட்டு, "இந்த வண்டிக்கு ரீகால் பாக்கி இருக்கே, போன வருஷமே மெசேஜ் போயிருச்சே மேடம்" என்றார்களாம். மெசேஜ் போனது பழைய ஓனருக்கு! விற்கும்போது அவரும் சொல்லவில்லை, இடையில் இருந்த புரோக்கரும் சொல்லவில்லை. அரை நாளில் பாகத்தை மாற்றிக் கொடுத்தாங்க. பில் தொகை பூஜ்யம். அந்தக் கனெக்‌ஷனை மட்டும் கழட்டியிருந்தா, ஏர்பேக் வேலை செய்யாத வண்டியில்தான் குடும்பத்தோடு போய் வந்திருப்பாங்க.

இதில் நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய சட்டமும் ஒன்று இருக்கு. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, கோளாறான வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவு போடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தாங்க. அதன் விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. செய்து ஏழு வருஷத்துக்குள் இருக்கிற வண்டிகளுக்கு இது பொருந்தும். கம்பெனி தானாக முன்வராமல், அரசு உத்தரவு போட்டுக் கூப்பிட வைத்தால் 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

அரசு எப்போது தலையிடும்? புகார்களின் எண்ணிக்கையை வைத்தும் தலையிடும். வருஷத்துக்கு 10,000-க்கு மேல் விற்கிற கார் மாடல் என்றால், ஒரே மாதிரிக் கோளாறு பற்றி 1,250 புகார் சேரணும். இந்தப் புகாரை வண்டி ஓனர், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'வாகன்' இணையதளத்தில் பதியலாம். நாம் என்ன செய்கிறோம்? ஓடும்போது ஸ்கிரீன் அணைஞ்சு போச்சு, பிரேக் கல்லு மாதிரி இருக்கு, தன்னால பிரேக் பிடிக்குதுன்னு கல்யாண வீட்டில் உட்கார்ந்து ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்கிறோம். மெக்கானிக்கிடம் சொல்லிப் புலம்புகிறோம். அதெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறாது. எழுதிப் பதிவு செய்தால்தான் ஒண்ணு. நம்ம ஒரு புகார் எங்கேயோ இருக்கிற முகம் தெரியாத இன்னொரு குடும்பத்தையும் காப்பாற்றும்.

எல்லாக் கோளாறும் ரீகால் ஆகிவிடாது. நம்ம ஒரு வண்டிக்கு மட்டும் திரும்பத் திரும்பத் தொந்தரவு, சர்வீஸ் சென்டரில் தட்டிக் கழிக்கிறார்கள் என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். அதற்கும் மசியலேன்னா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கு. 50 லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே வழக்குப் போடலாம். 10 முதல் 20 லட்ச ரூபாய் வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். பிரச்சினை வந்த இரண்டு வருஷத்துக்குள் போடணும்.

சகோதரிகள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. ஆர்.சி. புக்கை எடுத்து சேஸிஸ் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுத்தும் எண்ணுமாக 17 இருக்கும். அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் இந்த நம்பரைப் போட்டு ரீகால் இருக்கான்னு பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, "இந்த நம்பர் வண்டிக்கு ரீகால் பாக்கி இருக்கா?" என்று கேளுங்கள்.

2. இப்போது உபயோகத்தில் இருக்கிற போன் நம்பரை அங்கே பதியச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிற நம்ம நம்பரையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

3. பழைய வண்டி வாங்குவதாக இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். விற்கிறவர்களும் வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அது புண்ணியம்.

4. வண்டியில் எது சரியில்லை என்றாலும் தேதி, எவ்வளவு வேகத்தில் போனோம், எந்த விளக்கு எரிந்தது என்று பால் கணக்கு மாதிரி எழுதி வையுங்கள். விளக்கு எரிவதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் விடும்போது நாம் சொன்ன குறையை ஜாப் கார்டில் எழுத வைத்து, ஒரு காப்பி வாங்குங்கள். "வாயில் சொன்னோம்" என்றால் எங்கேயும் எடுபடாது.

5. ரீகாலுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வாரண்டி முடிந்த வண்டியாக இருந்தாலும் ரீகால் வேலை இலவசம்தான்.

ரீகால் வந்தால் சிலர் வீட்டில், "அய்யோ, கோளாறான வண்டியை வாங்கிட்டோமே, வெளியே தெரிஞ்சா விலை போகாதே" என்று மூடி மறைக்கிறாங்க. அம்மை போட்ட வீடு மாதிரி வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. ரீகால் வேலை முடிந்த வண்டிதான் தைரியமாக ஏறக்கூடிய வண்டி. பாக்கி வைத்திருக்கிற வண்டிதான் பயப்பட வேண்டிய வண்டி.

பிள்ளைக்குத் தடுப்பூசித் தேதியை நாம் மறக்கிறோமா? கேஸ் டியூப்பை மாற்றும் நாளை ஞாபகம் வைக்கிறோம் இல்லையா? அந்தக் கணக்கோடு இதையும் சேர்த்துக்குங்க. ஓட்டத் தெரியாட்டாலும் கேட்கத் தெரிஞ்சாப் போதும். அடுத்த முறை கோயிலுக்குக் கிளம்பும் முன், டிக்கியில் சாப்பாட்டுக் கூடையை வைக்கும்போதே அந்தக் கேள்வியையும் வீட்டில் கேட்டு வையுங்கள்.

- ஒரு வாசகி, காரியாபட்டி.