மனை வாங்குவோரும் வழக்கறிஞரும்

பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம் தமிழாசிரியர்கள் நன்கறிந்த பகுதி. மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரைத் தம் அடிமை எனக் கூறி முதியவர் ஒருவர் ஓலை காட்டுகிறார். நம்பி அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்கு அத்துடன் முடியவில்லை. கிழிந்தது படி ஓலை. மூல ஓலை முதியவரிடம் இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் மூல ஓலையைப் பார்த்து, நம்பியின் பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையையும் வருவித்து, இரண்டின் எழுத்தையும் ஒப்பிட்ட பின்னரே தீர்ப்புக் கூறினர்.

பக்திச் சுவையை ஒருபுறம் வைத்து நோக்கினால், ஆவணத்தைச் சோதிக்கும் முறை இதில் அமைந்திருக்கக் காண்கிறோம். படியை மட்டும் நம்பலாகாது. மூலத்தைக் காண வேண்டும். எழுதியவர் அவர்தாமா என்றும் தேற வேண்டும். இன்று பினாங்கில் மனையோ வீடோ வாங்குபவருக்காக வழக்கறிஞர் செய்யும் பணியும் பெரும்பாலும் இதுவே. ஓய்வுபெறும் தோட்டத் தொழிலாளர்களும் உடன் ஆசிரியர்களும் சேமநிதிப் பணம் கைக்கு வரும் வேளையில் என்னிடம் கேட்கும் வினாக்கள் சிலவற்றுக்கு ஈண்டு விடை கூற முயல்கிறேன்.

முதல் வினா: “விற்பவர் கையெழுத்திட்ட தாள் இருக்கும்போது வழக்கறிஞர் எதற்கு?”

இதற்கு விடை காண, நம் நாட்டு நில முறையைச் சற்று அறிதல் வேண்டும். 1786-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த பினாங்கில் முன்னர் ஆங்கில நாட்டுச் சாசன முறையே வழங்கியது. ஒருவரது உரிமையைத் தெளிய, பழைய சாசனங்களின் தொடரை எல்லாம் ஆராய வேண்டியிருந்தது. தென் ஆஸ்திரேலியாவில் 1858-இல் ராபர்ட் டோரன்ஸ் என்பார் வேறொரு முறையை நிறுவினார். அரசின் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உடைமையாளர் என்பது அதன் சாரம். 1966 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டத் தொகுப்பு இம்முறையைத் தழுவியதே. பினாங்கு, மலாக்கா மாநிலங்களின் பழைய சாசன உரிமைகளை இதற்கு மாற்றுவதற்கென 1963-இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது.

ஆகவே, நம் மக்கள் ‘கிராண்ட்’ என்று பெட்டியில் பூட்டி வைப்பது பதிவேட்டிலுள்ள மூலப் பத்திரத்தின் படியே ஆகும். மூலம் பதிவகத்திலோ மாவட்ட நில அலுவலகத்திலோ இருக்கிறது. கிராண்டின் நிலையே இதுவென்றால், வெறுந்தாளில் எழுதிய விற்பனைக் கடிதத்தின் நிலை என்ன?

என் மாணவன் ஒருவனின் தந்தை தோட்டத்தை விட்டு வெளியேறியபோது, தெரிந்தவர் ஒருவரிடம் மனை வாங்கினார். தாளில் எழுதிச் சத்தியப் பிரமாண ஆணையரின் முத்திரையும் பெற்றார். வீடு கட்டினார், ஆண்டுதோறும் நில வரியும் செலுத்தினார். விற்றவர் இறந்ததும் நிலம் அவருடைய பிள்ளைகளின் பெயருக்கு மாறிற்று. அவர்கள் வந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தந்தையிடமிருந்த தாள் பொய்யன்று. அவர் பணம் கொடுத்ததற்கு அது சான்று. ஆணையரின் முத்திரையோ, இன்னார் தம் முன் உறுதி கூறினார் என்பதற்கு மட்டுமே சான்று. பெயர் மாற்றப் பாரமான 14ஏ நிறைவு செய்யப்பட்டுப் பதிவாகும்வரை நிலம் கைமாறுவதில்லை. அத்தகைய தாளைக் கொண்டு வழக்குத் தொடுக்கலாம். ஆனால் அதற்கும் கால வரம்பு உண்டு.

இரண்டாம் வினா: “வழக்கறிஞர் செய்வது என்ன?”

முதலில் பதிவேட்டைத் தேடிப் பார்க்கிறார். உடைமையாளர் யார், நிலம் வங்கியில் ஈடாக உள்ளதா, எவரேனும் தடைக் குறிப்பு இட்டுள்ளனரா, உரிமை நிலையானதா அல்லது குத்தகைக் காலத்துக்கு உட்பட்டதா என்பன அதில் விளங்கும். அடுத்து விற்பனை ஒப்பந்தத்தை எழுதுகிறார் அல்லது ஆராய்கிறார். கையெழுத்தானபின் வாங்குபவர் பெயரில் தனியார் தடைக் குறிப்பு இட்டால், வேறொருவருக்கு அந்நிலத்தை மாற்றிப் பதிய இயலாது. முன்னரே நீக்கப்படாவிடின் அக்குறிப்பு 6 ஆண்டு நிற்கும். பின்னர் முத்திரை வரி செலுத்திப் பெயர் மாற்றத்தைப் பதிவு செய்விக்கிறார்.

மூன்றாம் வினா: “விற்பவரின் வழக்கறிஞரே போதாதா?”

போதாது. ஒருவர் இரு தரப்புக்கும் உண்மையாக உழைப்பது அரிது. வீடமைப்பு நிறுவனத்துக்காகச் செயற்படும் வழக்கறிஞர் அதே விற்பனையில் வாங்குபவருக்காகவும் செயற்படலாகாது என்று 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற்சட்டம் விலக்கியே வைத்திருக்கிறது. “வழக்கறிஞர் செலவு இலவசம்” என்ற விளம்பரத்தைக் காண்போர், “அவர் யாருடைய வழக்கறிஞர்?” என்று கேட்டல் நன்று.

நான்காம் வினா: “எவரைத் தேர்ந்தெடுப்பது? எவ்வளவு கொடுப்பது?”

அவர் அவ்வாண்டுக்குரிய தொழில் அனுமதி பெற்றவரா என்பதை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலில் காணலாம். கட்டணத்தை 2023-ஆம் ஆண்டுக் கட்டண ஆணை வரையறுத்துள்ளது. விற்பனைக்கும் பெயர் மாற்றத்துக்கும் முதல் 5 லட்சம் வெள்ளிக்கு நூற்றுக்கு 1.25 வீதம். 3 லட்சம் வெள்ளி வீடாயின் 3,750 வெள்ளி ஆகும். சேவை வரியும் சில்லறைச் செலவுகளும் தனி. பெயர் மாற்ற முத்திரை வரி முதல் லட்சத்துக்கு நூற்றுக்கு 1, அடுத்த 4 லட்சத்துக்கு நூற்றுக்கு 2 ஆதலின், அதே வீட்டுக்கு 5,000 வெள்ளி. முதல் வீடு வாங்குவோர்க்கு விலக்கு உண்டா என்றும் கேட்டறிக. இவற்றையெல்லாம் தனித்தனியே எழுத்தில் பெறுக. பணத்தைக் குமாஸ்தா கையிலோ தரகர் கையிலோ ரொக்கமாகத் தராமல், வழக்கறிஞர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் செலுத்தி ரசீது பெறுக. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பகுதியையும் நமக்கு விளங்கும் மொழியில் சொல்லச் சொல்வதில் வெட்கம் வேண்டா.

இறுதி வினா: “பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் அச்சம் இல்லையே?”

இங்கேதான் பினாங்கின் புகழ்பெற்ற வழக்கு நினைவுக்கு வருகிறது. தஞ்சோங் பூங்காவில் தாய்லாந்து மாது ஒருவருக்கு மனைகள் இருந்தன. வேறொருத்தி அம்மாதாகவே நடித்து, கிராண்ட் காணாமற் போயிற்று என்று சத்தியப் பிரமாணம் செய்து, படி பெற்று, 1989-இல் அடோர்னா பிராப்பர்ட்டீஸ் என்னும் நிறுவனத்துக்கு விற்றுவிட்டாள். 2000-ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம், நன்னம்பிக்கையுடன் வாங்கிய நிறுவனத்துக்கே நிலம் உரியது என்று தீர்ப்பளித்தது. குற்றம் ஏதும் செய்யாத உடைமையாளர் நிலத்தை இழந்தார். பத்தாண்டுகளுக்குப் பின், 2010-இல், குவாந்தான் நிலம் பற்றிய மற்றொரு வழக்கில் அதே நீதிமன்றம் அத்தீர்ப்பு தவறு என்று கூறித் திருத்திற்று.

உடைமையாளர்களுக்கு இது ஆறுதலே. ஆனால் வாங்குவோர் மறுபக்கத்தையும் உணர வேண்டும். போலி மனிதரிடமிருந்து நேரே வாங்கியவர், தாம் எவ்வளவு நேர்மையாளராயினும், மெய்யான உடைமையாளர் வந்து கேட்டால் இன்று நிலத்தை இழக்க நேரும். எனவே பதிவேட்டில் உள்ள பெயரும் நம் எதிரே அமர்ந்திருப்பவரும் ஒருவரே என்பதைத் தேறுதல் முதற்கடமை. அடையாள அட்டை, பழைய கையெழுத்து, நெடுநாள் குடியிருப்போரின் சொல் ஆகியவற்றை வழக்கறிஞரோடு சேர்ந்து வாங்குபவரும் விசாரித்தறிய வேண்டும். “கிராண்ட் தொலைந்துவிட்டது, படிதான் இருக்கிறது, நாளைக்கே பணம் வேண்டும்” என்பாரிடம் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

முப்பதாண்டு உழைப்பின் சேமிப்பு ஒரே கையெழுத்தில் கைமாறுகிறது. கையெழுத்திடுமுன், வெண்ணெய்நல்லூர் அவையத்தார் செய்தது போல, மூலத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்போமாக.