வெடிக்கு முந்தும் தோள்

நெடுங்கேணிப் பக்கமிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “எங்கட அம்மப்பா ஓடுற முயலையே விழுத்துவாராம். ஆனால் துரை ஒருவர் தன்ர பெரிய துவக்கைக் குடுத்துச் சுடச் சொன்னபோது, முதல் வெடிக்குப் பிறகு முப்பது யாரில் நின்ற பாலை மரத்திலும் படயில்லையாம். ஏன்?”

குழல் பெருத்தால் மருந்து கூடும், பிடங்கு தோளில் உதைப்பதும் கூடும். ஆனால் அம்மப்பாவின் குறியைக் கெடுத்தது அந்த உதை அல்ல. சன்னம் குழலைக் கடக்க ஒரு செக்கனில் ஆயிரத்தில் சில பங்கு போதும். தோள் நொந்து உடம்பு அசைய முன்னமே அது போய்விடும். கெடுத்தது முதல் வெடி தந்த உதையின் ஞாபகம். அடுத்த முறை விசையில் விரல் அழுந்தும்போதே கண் மூடும், தோள் முன்னே தள்ளும், குழல்வாய் கீழே சரியும். சுட்டவருக்கு இது தெரியவே தெரியாது.

எனக்கு இது யானைவெடியில் விளங்கியது. வயலுக்கு யானை வந்த ஒரு இரவு வெடியைக் கொளுத்தினேன். திரி பற்ற முன்னமே என் முகம் திரும்பிவிட்டது. வெடி அயல்வீட்டு வாழைக்குள் போய் விழுந்தது. யானை நின்று பார்த்தது.

இதற்குச் சுடுகளத்தில் ஒரு வைத்தியம் உண்டு. இன்னொருவர் சில தடவை உண்மைத் தோட்டாவும் சில தடவை வெடிக்காத வெற்றுத் தோட்டாவும், எது என்று சொல்லாமல், போட்டுக் கொடுப்பார். வெற்றுத் தோட்டாவிலும் குழல் குனிந்தால் கள்ளம் பிடிபட்டது. பிறகு உதைக்காத சின்னத் துவக்கில் கையைப் பழக்கி, படிப்படியாக மேலே வரவேண்டியதுதான்.

மற்ற வழி பாரம். துவக்கு இரண்டு மடங்கு பாரமானால் பின்னே வரும் வேகம் பாதியாகும். இலங்கையில் யானை வேட்டையாடி 1854இல் அதைப் புத்தகமாகவும் எழுதிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் கிப்ஸிடம் செய்வித்த துவக்கு 21 இறாத்தல், ஒன்பதரைக் கிலோ. மூன்று அவுன்ஸ் உருண்டைக்கு ஒரு அவுன்ஸ் மருந்து! துவக்குகளைச் சுமந்து பின்னால் நடக்க ஆட்கள் இருந்தார்கள், அது வேறு கதை. அந்தக் காலத்து இன்னொரு வேட்டைக்காரர் மேஜர் றொஜர்ஸ் கொன்ற யானைகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். இவ்வளவு நல்ல குறியை வைத்துச் செய்தது இதைத்தானா என்று எனக்குத் தோன்றும்.

இன்று எங்கள் காடுகளில் கட்டுத்துவக்கு. கயிற்றில் கால் தட்டினால் தானாக வெடிக்கும். அதற்கு நோகத் தோள் இல்லை, ஆகவே பயமும் இல்லை. பன்றியின் விலாவுக்கு அளந்து கட்டுகிறார்கள். விறகுக்கும் தேனுக்கும் போகிறவரின் முழங்கால் இருப்பதும் அதே உயரத்தில்தான்.