காற்றில் தொங்கும் பூட்டு

ஆகாயத்தில் பிறர் அனுப்பும் செய்தியைச் செவிமடுப்பது திருகோணமலை அறியாத வித்தையன்று. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மேல் குண்டுமாரி பொழிவதற்கு முன்னரே, கொழும்பில் அமர்ந்திருந்த பிரித்தானியக் கடற்படையின் ஒற்றறிவோர், பகைவரின் வானொலிச் சங்கேதங்களில் ஒரு பகுதியை அவிழ்த்து, இலங்கையை நோக்கித் தாக்குதல் வருகிறதென்பதை உய்த்துணர்ந்திருந்தனர். அன்று அதற்கு ஒரு சாம்ராஜ்யத்தின் பொருட்செலவு வேண்டியிருந்தது. இன்று ஒரு மடிக்கணினி போதும்.

அதில் இயங்கும் கருவிகளுள் பிரசித்தமானது ஏர்கிராக்-என்ஜி. 2004இல் கிறிஸ்டோஃப் டெவின் ஆரம்பித்த மென்பொருளைத் தழுவி, 2006இல் தாமஸ் டோட்ரெப் இதை உருவாக்கினார். கைத்தொலைபேசி ஒன்று வைஃபையில் இணையும்போது அதுவும் ரவுட்டரும் பரிமாறிக்கொள்ளும் நான்கு செய்திகளைக் காற்றிலிருந்து பிடித்துக்கொண்டு, பின்னர் எங்கோ ஓர் அறையில் சாவகாசமாக, கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக ஊகித்து, பிடித்தவற்றோடு பொருந்துகிறதா என்று இது ஒப்புநோக்குகிறது. ஒவ்வோர் ஊகத்துக்கும் 4,096 முறை கணக்கைச் சுழற்றவேண்டுமென்று வைஃபையின் பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2 விதித்திருப்பது, ஊகிப்பவனை மந்தப்படுத்தவே.

2018இல் வந்த ஏர்கிராக்-என்ஜியின் 1.3ஆம் பதிப்பு, கணினியின் செயலிக்கு உகந்த வேகமான கணக்கு முறையைத் தானே தேர்ந்துகொண்டது. அதே ஆண்டின் 1.4, எவரேனும் இணையும்வரை காத்திராமல், பல ரவுட்டர்கள் கேட்ட மாத்திரத்தில் ஈந்துவிடும் பிஎம்கேஐடி என்ற அடையாளத்தைக் கொண்டே ஊகிக்கும் வழியைச் சேர்த்தது. 1.7 வந்தது 2022இல். விண்டோஸ் பாவிப்பவருக்கு மட்டும் பழைய குறை தீரவில்லை: காற்றிலுள்ள அனைத்தையும் கேட்கும் நிலைக்கு வைஃபை அட்டையைத் திருப்ப அதன் டிரைவர் இசையவேண்டும், விண்டோஸிலோ பெரும்பாலானவை இசைவதில்லை. ஆகவே லினக்ஸில் பிடித்து, விண்டோஸில் ஊகிப்பவர் பலர்.

உப்புவெளியில் நான் தங்கிய ஒரு விடுதியில், வரவேற்பு மேசைக்கு மேலே ஒட்டியிருந்த கடதாசித் துண்டில், விடுதிக்காரரின் தொலைபேசி எண்ணே வைஃபை கடவுச்சொல்லாக எழுதப்பட்டிருந்தது. சிரித்தேன், உவர்மலையில் என் வீட்டிலும் அதே சங்கதிதான் என்பது பிறகே நினைவுக்கு வந்தது. 07இல் தொடங்கும் எண்களுக்கு இந்நாட்டில் முன்னிலக்கங்கள் எட்டு, ஒவ்வொன்றின் பின்னும் ஏழு இலக்கங்கள், ஆக 8 கோடி எண்கள். விளையாட்டுப் பிரியரான பிள்ளைகளின் கணினியில் இருக்கும் கிராஃபிக்ஸ் அட்டையைக் கொண்டு, ஹாஷ்கேட் என்ற சகோதரக் கருவி வினாடிக்கு 5 லட்சம் ஊகம் செய்யுமென்று வைத்துக்கொண்டால், முழுவதையும் 160 வினாடியில் முடித்துவிடும். தேநீர் ஆறுவதற்குள்!

இந்த ஊகிப்புச் சோதனையை என் ரவுட்டரில் மட்டும் செய்தேன். அனுமதியின்றிப் பிறர் வலையமைப்பில் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி தண்டனைக்குரியது. நோக்கம் ஆராய்ச்சி என்று சொல்வதனால் மட்டும் அது மன்னிக்கப்படுவதில்லை.

2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3, பிடித்துக்கொண்டுபோய்ச் சாவகாசமாக ஊகிக்கும் இந்த உபாயத்தையே அடைத்தது. நானும் அதற்கு மாறினேன். மறுநாள் மாலை, பழைய கைத்தொலைபேசியோடு வந்த மைத்துனர், "என்ன அத்தான், வைஃபை வேலை செய்யேல்லையே" என்றார். புதிய முறையையும் பழையதையும் ஒருங்கே ஏற்கும் கலப்பு நிலைக்கு ரவுட்டரைத் திருப்பிவிட்டு, கடவுச்சொல்லை மட்டும் இருபது எழுத்துகளாக நீட்டி, அவர் தட்டச்சு செய்துமுடிக்கும்வரை பக்கத்தில் நின்று வாசித்துக்காட்டினேன்.