தேரிக்காடும் மோட்டார் சைக்கிளும்

முத்தையாபுரம் வழியே திருச்செந்தூர் செல்லும் சாலையில், மூட்டை முடிச்சுகளுடன் மோட்டார் சைக்கிளில் கூட்டங் கூட்டமாகச் செல்லும் வாலிபர்களை நாம் அடிக்கடி காண்கிறோம். இவர்களிற் சிலர் லடாக் வரை சென்று மீண்டவர்கள். உப்பளங்களையும் முக்காணியில் தாமிரபரணியையும் கடந்து இவர்கள் நாடிப் போவது முருகன் சந்நிதியை அன்று. அதற்கு மேற்கேயுள்ள குதிரைமொழித் தேரியை. இதனை வீண் விளையாட்டென்று வைகிற பெரியோர் பலர். நாம் அவர்களோடு சேரோம்.

1977-ஆம் ஆண்டில் தியரி சபீன் என்னும் பிரெஞ்சுக்காரர், ஒரு பந்தயத்தின் நடுவே மோட்டார் சைக்கிளுடன் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் வழி தவறிச் சாகுந் தறுவாயில் மீட்கப்பட்டார். பிழைத்தவர் வீட்டில் அடங்கியிருக்கவில்லை. 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து டக்கார் நகருக்குப் புதிய பந்தயமொன்றையே தொடங்கினார். அப்பந்தயம் தென் அமெரிக்காவில் நடந்த 2015-இல், பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ் 36-ஆவதாக வந்து, அதனை முடித்த முதல் இந்தியரானார். 2021-இல் சவூதி அரேபியாவின் மணலில் அவரே விழுந்து பல நாள் நினைவின்றிக் கிடந்தார். 2024-இல் கேரளத்து ஹரித் நோவா தம் பிரிவில் முதல்வராகவும் மொத்தத்தில் 11-ஆவதாகவும் வந்தார். அப்போது அவருடைய அணி, பிரெஞ்சு ஷெர்கோவுடன் நமது ஓசூர் டி.வி.எஸ். கம்பெனி சேர்ந்து நடத்தியது. டி.வி.எஸ். ஸ்தாபனத்தின் மூலபுருஷர் சுந்தரம் அய்யங்கார் திருக்குறுங்குடியிற் பிறந்தவர். வக்கீலாகத் தொடங்கிப் பின்பு வண்டித் தொழிலுக்குப் போனவர். கறுப்பு அங்கியை விடத் துணியாத நாம் இதைச் சற்று வெட்கத்துடனேயே எழுதுகிறோம்.

மணலில் வண்டியோட்டுவது வேகத்தின் வித்தை மட்டுமன்று. டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். எழுந்து நின்று உடற்பாரத்தைப் பின்னே தள்ள வேண்டும். அஞ்சித் திடீரென்று விசையைக் குறைத்தவனுடைய முன்சக்கரம் புதைந்துவிடும். தனியே போதலும் ஆகாது. கயிறு பிடிக்க ஆளின்றி நமது கடலில் முத்துக் குளிக்க இறங்கியவன் உண்டா?

இவ்வித்தைக்குத் தேரி நல்ல பள்ளிக்கூடந்தான். ஆனால் அது கேட்பாரற்ற மணற்காடன்று. இரும்புத் துருவேறிய அச்செம்மணலைத் தென்மேற்குக் காற்று ஓயாது பெயர்த்துக்கொண்டேயிருக்கும். அதைப் பிடித்து நிறுத்துபவை பனையும் உடையும் வனத்துறையார் வைத்த முந்திரியும். சக்கரம் ஏறிச் செடி வேரற்றால், அடுத்த ஆடியில் அம்மணல் அயலான் தோட்டத்துக்குள் வந்து நிற்கும். தோட்டக்காரனுக்கு லடாக்கும் தெரியாது, டக்காரும் தெரியாது. மேலும் அது காப்புக்காடு. அனுமதியின்றி உள்ளே புகுவது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். வழக்கு வந்தால் வீரம் சாட்சி சொல்லாது.

ஆகவே தடை மட்டும் போதாது, ஒழுங்கு வேண்டும். தேரியின் ஓரமாக, செடியில்லாத இடம் பார்த்து, வனத்துறையார் ஒரு தடத்தைக் குறித்துத் தரட்டும். கட்டணம் வாங்கட்டும். வழிகாட்ட அவ்வூர்ப் பனையேறிகளையே கூலி கொடுத்து அமர்த்தட்டும். மணலின் போக்கை அவர்களைவிட அறிந்தவர் யார்? அத்தடத்தை விட்டு விலகுகிறவனுடைய வண்டியைப் பறிமுதல் செய்தாலும் நாம் அவனுக்காக வாதாட வரமாட்டோம். ஆடிக் காற்றுக்கு முன் இது நடக்குமா என்று ஜில்லா வன அதிகாரியைக் கேட்கிறோம்.