செயலிகளின் உரையாடலும் பொது நியமமும்

மாந்தர் இருவர் உடனுக்குடன் செய்தி பரிமாறுவதற்கென வகுக்கப்பட்ட நெறிமுறையொன்று, மாந்தர் எவரும் இடையிடாது செயலிகள் தம்முள் தரவு பரிமாறும் சாதனமாகவும் பயன்படக் காண்கிறோம். அது எவ்வாறு இயல்கின்றது, அதனையொட்டி எழும் சமூகப் பிரச்சினை யாது என்பனவற்றை ஈண்டு நோக்குவோம்.

1999 ஜனவரியில் ஜெரமி மில்லர் என்பார் 'ஜாபர்' எனும் திட்டத்தை அறிவித்தார். அக்காலத்துச் செய்திச் சேவைகள் தத்தம் கம்பனிகளின் மதிலுக்குள் அடங்கிக் கிடந்தன. ஜாபரோ யாவர்க்கும் திறந்த நெறிமுறையாக அமைந்தது. 2004 இல் இணையப் பொறியியற் பணிக்குழு அதனை எக்ஸ்.எம்.பி.பி. என்னும் பெயரில் வெளியிட்டது. 2011 இல் திருத்தியமைத்தது.

இதன் முகவரி மின்னஞ்சல் முகவரியை ஒத்தது. ஆயின் இறுதியில் மேலுமோர் உறுப்புச் சேர்வதால், ஒருவருடைய கைபேசியும் கணினியும் தனித்தனியே இனங்காணப்படும். செயலியும் இவ்வாறே முகவரி பெறலாம்.

அனுப்பப்படும் கூறுகள் எக்ஸ்.எம்.எல். எனும் குறிமொழியில் அமைந்து, மூவகைப்படும். முதலாவது, ஒருவழியாகச் செல்லும் செய்தி. இரண்டாவது, ஒருவர் அல்லது ஒரு கருவி தொடர்புக்கு ஆயத்தமாக உள்ளமையைக் கூறும் இருப்பறிவிப்பு. மூன்றாவது, மறுமொழியைக் கட்டாயமாக வேண்டும் வினவல். வினவல் ஒவ்வொன்றும் ஓர் அடையாளக் குறியைத் தாங்கும். விடையும் அதே குறியுடன் மீளும். ஆதலின் பல வினாக்கள் ஒருங்கே சென்றாலும் குழப்பம் நேராது.

வெள்ளத்தை அளக்கும் கருவியொன்றை உதாரணமாகக் கொள்வோம். 'ஆறு பெருகுகிறது' எனும் வாக்கியம் மனிதருக்குப் போதும். செயலிக்கோ நீர்மட்டம், அலகு, நேரம் ஆகியன தனித்தனிக் குறிகளுள் அமைதல் வேண்டும். அத்தகைய கட்டமைப்பு ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்வெளி உண்டு. இடையிலுள்ள சேவையகம் உள்ளடக்கத்தை விளங்கிக்கொள்ள வேண்டியதில்லை. உரிய முகவரியிற் சேர்ப்பித்தாற் போதும். பெயர்வெளியை அறியாத செயலி, வினவலாயின் பிழையெனத் திருப்பியனுப்பும். இதனாலேயே, அடிப்படை நெறிமுறையை மாற்றாது புதிய பயன்களைச் சேர்த்தல் சாத்தியமாயிற்று.

குறைபாடும் உண்டு. இக்குறிமொழி சொற்பெருக்கம் உடையது. ஆற்றல் குறைந்த சிறு கருவிகளுக்கு அது சுமையாகலாம். எனினும் இந்நெறிமுறை எதிர்கொண்ட பெரும் பின்னடைவு தொழில்நுட்பத்தால் மட்டும் விளைந்ததன்று. 2005 இல் தொடங்கப்பெற்ற கூகிள் டோக் இந்நியமத்தைக் கைக்கொண்டு, 2006 இல் பிற சேவையகங்களுடனும் இணைந்தது. 2013 இல் அக்கம்பனி அறிமுகஞ்செய்த ஹாங்கவுட்ஸ் சேவையில் அவ்விணைப்பு இடம்பெறவில்லை. நியமம் பொதுவாயிருந்தும், பெருந்தொகைப் பயனரைத் தன்வசம் வைத்திருந்த கம்பனியே வாயிலை அடைத்தது.

மொழி பொதுவாயிருத்தல் மட்டும் போதாது. அதனைப் பேசும் கடப்பாடும் வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும். பெருஞ் செய்திச் சேவைகள் பிற சேவைகளுடன் இணைந்தியங்க வழிவிடுதல் வேண்டுமென 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டம் இக்கடப்பாட்டின் ஒரு தொடக்கம் எனலாம்.