கைப்பேசி அறிவதும் அறிவிப்பதும்

2020-ம் ஆண்டு மார்ச் 18-ம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அதன்பின் சில மாதங்களுக்குள், பினாங்குத் தீவின் கிழக்குக் கரையிலுள்ள ஜெலுத்தோங் வட்டாரத்தில் மளிகைக் கடையாயினும் காப்பிக் கடையாயினும் முடிதிருத்தகமாயினும், வாயிலில் கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டங்கள் நிறைந்த ஒரு சதுரச் சித்திரம் ஒட்டப்பட்டிருக்கக் காணலாயிற்று. கியூஆர் குறியீடு என்பது அதன் பெயர். பினாங்கு மாநில அரசு முதலில் ‘பிஜி கேர்’ என்ற தன் சொந்த ஏற்பாட்டை அமைத்தது. பின்னர் நாடு முழுவதற்கும் ‘மைசெஜாத்ரா’ என்ற செயலியே நிலைபெற்றது. கைப்பேசியை அச்சித்திரத்தின் முன் காட்டிய பிறகே உள்ளே நுழையலாம். கைப்பேசி இல்லாத முதியவர்கள் மேசைமேல் கிடந்த நோட்டுப் புத்தகத்தில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதினர்.

‘போகுமிடமெல்லாம் இந்தக் கைப்பேசி வேவு பார்க்கிறது’ என்ற பேச்சு அப்போது எழுந்ததுண்டு. அச்சம் நியாயமானதே, ஆயினும் அது சென்று பற்றிய இடம் சரியன்று. மைசெஜாத்ராவின் வாயிற்பதிவில், தான் எங்கே இருக்கிறது என்று கைப்பேசி கண்டறியவேண்டிய தேவையே இல்லை. கடையின் அடையாளம் அந்தக் காகிதத்திலேயே அடங்கியிருந்தது. கைப்பேசி அதைப் படித்து, உரியவரின் பெயரோடும் நேரத்தோடும் சேர்த்து அனுப்பியது, அவ்வளவே. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. விடியற்காலைப் பெரட்டில் ஆள் வந்து நிற்க, கங்காணி பெயர் கூப்பிட, செக்ரோலில் அடையாளம் விழும். பெரட்டு கலைந்தபின் அந்த ஆள் எந்த நிரைக்குப் போனார், எப்போது தண்ணீர் குடித்தார் என்று செக்ரோல் அறியாது. வாயிற்பதிவும் அத்தகையதே.

ஆனால் கைப்பேசிக்குள் வேறு சில ஏற்பாடுகள் உள்ளன. அவை காகிதத்தை எதிர்பார்ப்பதில்லை. அவற்றை விளங்கிக்கொள்ள ஒரு வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்தவேண்டும். தான் இருக்கும் இடத்தைக் கைப்பேசி அறிவது ஒன்று. அதைப் பிறருக்கு அறிவிப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான், வேண்டாத இடத்தில் பயமும் பயப்படவேண்டிய இடத்தில் அலட்சியமும் பிறக்கின்றன.

பினாங்குத் தீவின் வடமேற்கு முனையில் முக்கா ஹெட் என்னுமிடத்தில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1883-ம் ஆண்டில் எழுந்தது அது. இரவில் வரும் மாலுமி அதன் ஒளியைக் கண்டு தன் கப்பல் நிற்குமிடத்தைக் கணிக்கிறான். ஆனால் தன்னைக் கண்ட கப்பல் எது, அதில் யார் இருந்தார் என்பது விளக்கத்துக்குத் தெரியாது. ஜி.பி.எஸ். என்று வழங்கும் அமெரிக்கத் துணைக்கோள் ஏற்பாடும் இத்தகைய கலங்கரை விளக்கமே. நிற்குமிடம் மட்டும் நிலத்தின்மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரம். ஒவ்வொரு துணைக்கோளும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாது ஒலிபரப்புகிறது. அந்தச் சமிக்ஞை தரைக்கு வர ஒரு நொடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. வந்துசேர்ந்த தாமதத்திலிருந்து தூரத்தைக் கைப்பேசி கணக்கிடுகிறது. மூன்று துணைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். ஆயினும் நான்காவது ஒன்றும் வேண்டும். ஏனெனில், மேலே இருப்பது அணுக் கடிகாரம், கையில் இருப்பதோ மலிவான கடிகாரம். ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கு பிசகினாலும் கணக்கு 300 மீட்டர் தவறிவிடும். அப்பிசகைத் திருத்தவே நான்காவது.

இராணுவத்துக்கென்று தோன்றிய இந்த ஏற்பாடு பொதுமக்கள் கைக்கு வந்த வரலாறு துயரம் தோய்ந்தது. 1983-ம் ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி, வழிதவறிச் சோவியத் வான்வெளியில் நுழைந்த கொரிய விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன்பிறகே, இந்த ஏற்பாடு முற்றுப்பெற்றதும் எல்லா நாட்டு மக்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா அறிவித்தது. அப்போதும் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது. 2000-ம் ஆண்டு மே மாதத்தில் அது நீக்கப்பட்டது. இன்று வாடகைக் கார் ஓட்டுநர் வீட்டு வாசலுக்கே வந்து நிற்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

இத்துணை வல்லமையுள்ள துணைக்கோள், ஒரு கூரையின் முன் தோற்றுப்போகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து வரும் சமிக்ஞை மிக மெலிந்தது. சந்தையின் கூரையையும் பேரங்காடியின் கான்கிரீட் தளங்களையும் ஊடுருவும் திறன் அதற்கு இல்லை. ஆகவே கடைக்குள்ளும் காப்பிக் கடைக்குள்ளும் விமான நிலையத்துக்குள்ளும் வேறு வழி தேட நேர்ந்தது. கலங்கரை விளக்க உவமை பிசகத் தொடங்குவதும் இங்கேதான்.

முதல் வழி வைஃபை. ஒவ்வொரு வைஃபைப் பெட்டியும் தனக்கென்று அமைந்த எண்ணை இடைவிடாது ஒலிபரப்புகிறது. உலகெங்குமுள்ள இத்தகைய பெட்டிகள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்ற பெரும் பட்டியலைக் கூகுளும் ஆப்பிளும் வைத்திருக்கின்றன. காதில் விழுந்த எண்களைக் கைப்பேசி அந்த நிறுவனத்துக்கு அனுப்பி, ‘இவை கேட்கும் இடம் எது?’ என்று வினவுகிறது. விடை வருகிறது. இங்கு வாசகர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். துணைக்கோளிடம் கைப்பேசி ஒன்றும் கேட்பதில்லை. பட்டியல் வைத்திருப்பவரிடமோ கேட்கிறது. வழி கேட்டவர் எங்கே நின்று கேட்டார் என்பது வழி சொன்னவருக்குத் தெரியாமல் இருக்குமா?

இரண்டாவது வழி, ‘பீக்கன்’ என்னும் சிறு கருவி. தீப்பெட்டியளவே உள்ள அதைச் சுவரில் ஒட்டிவிடலாம். புளூடூத் அலைவழியாக ஓர் எண்ணை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். 2013-ம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் இதற்கென ஒரு முறையை வகுத்து, அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்காவிலுள்ள தன் கடைகளிலேயே அதை அமைத்தது. லண்டனை அடுத்த காட்விக் விமான நிலையம் 2017-ம் ஆண்டில் ஏறத்தாழ 2,000 பீக்கன்களைப் பொருத்திப் பயணிகளுக்கு வழிகாட்டலாயிற்று. கைப்பேசியின் திரையில் அம்புக்குறி தோன்றி, எந்த வாயிலுக்கு எப்பக்கம் திரும்பவேண்டும் என்று காட்டும். பெரிய விமான நிலையத்தில் முதன்முறை திகைத்து நின்றவர்கள் இதன் அருமையை உணர்வர்.

பீக்கனும் கலங்கரை விளக்கமே. அதற்குக் காது இல்லை. எதிரே வந்தவர் யார் என்று அது அறியாது. ஆயின், கைப்பேசியில் அந்தக் கடையின் செயலி இருந்தால், ‘சோப்பு வரிசையிலுள்ள பீக்கன் கேட்டது’ என்று செயலி தன் முதலாளிக்கு எழுதிவிடக்கூடும். சற்று நேரத்தில் சோப்புக்குத் தள்ளுபடி என்று திரையில் ஒரு செய்தி மினுக்கும். அறிவித்தது சுவரிலுள்ள கருவியன்று, கையிலுள்ள செயலியே. சுவரைப் பார்த்துப் பயப்படுவதில் பயனில்லை.

கைப்பேசி தானாகவே கூவிய காலமும் ஒன்று இருந்தது. பழகிய வைஃபைப் பெட்டி அருகில் இருக்கிறதா என்று தேடும்போது, தனக்குரிய நிரந்தர எண்ணை அது வெளியே சொல்லிக்கொண்டே போகும். இதைக் கேட்பதற்குச் சிலர் காது வைத்தனர். 2013-ம் ஆண்டில் லண்டன் நகரத் தெருக்களில் வைத்திருந்த சில குப்பைத் தொட்டிகள் கடந்துபோவோரின் கைப்பேசி எண்களைக் குறித்துக்கொண்டன என்பது வெளிவந்து, ஆகஸ்டு மாதத்தில் நகர நிர்வாகம் அதை நிறுத்தச் சொல்லிற்று. குப்பைத் தொட்டிக்கும் காது முளைத்த கதை இது. 2014-ம் ஆண்டிலிருந்து ஆப்பிள் கைப்பேசிகள் இவ்வாறு தேடும்போது பொய்யெண் சொல்லத் தொடங்கின. ஆண்ட்ராய்டும் பின்னர் அவ்வழியை மேற்கொண்டது. எனவே இந்த வாயில் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது.

அடைபடாத வாயில், உரியவர் தாமே திறந்துகொடுத்த வாயில். கனடா நாட்டில் டிம் ஹார்ட்டன்ஸ் என்பது ஊர்தோறும் உள்ள காப்பிக் கடை. காப்பியை முன்கூட்டியே சொல்லி வைப்பதற்காக மக்கள் அதன் செயலியைப் பெற்றனர்; இடத்தை அறியலாமா என்று அது கேட்டபோது ‘ஆம்’ என்றனர். செயலி திறந்திருக்கும்போது மட்டுமே அது பார்க்கும் என்பது அவர்கள் கொண்ட எண்ணம். 2020-ம் ஆண்டில் ஒரு செய்தியாளர் தம்மைப் பற்றிய பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஐந்து மாதங்களுக்கும் குறைவான காலத்தில் 2,700 தடவைக்கு மேல் அவர் இருந்த இடம் குறிக்கப்பட்டிருந்தது. நாட்டின் தனியுரிமை ஆணையரும் மூன்று மாகாண ஆணையர்களும் விசாரித்து 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் அறிக்கை வெளியிட்டனர். செயலி மூடியிருந்தபோதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இடம் பதிவாயிற்று; வீடு எது, வேலை செய்யுமிடம் எது, போட்டிக் கடைக்குள் எப்போது நுழைந்தார் என்பதெல்லாம் ஊகித்து எழுதப்பட்டன. இவ்வளவு திரட்டியும், விளம்பரத்துக்கென்று நினைத்திருந்த அந்த நோக்கத்துக்கு நிறுவனம் அதைப் பயன்படுத்தவே இல்லை என்பது அறிக்கையில் கண்ட மற்றொரு செய்தி. வழக்கின் சமரசமாக, பாதிக்கப்பட்டோருக்கு ஒரு சூடான பானமும் ஒரு பணியாரமும் இலவசமாகத் தர அந்நிறுவனம் முன்வந்தது. ஓராண்டுக்கு மேல் ஒருவரைப் பின்தொடர்ந்ததற்கு விலை ஒரு காப்பி!

தனியார் கடை இப்படியென்றால் அரசாங்கம் எப்படி? சிங்கப்பூர் 2020-ம் ஆண்டு மார்ச் 20-ம் தேதி ‘டிரேஸ்டுகெதர்’ என்ற செயலியைத் தொடங்கிற்று. அது இடத்தைக் குறிப்பதன்று. எந்தக் கைப்பேசி எதனருகே இருந்தது என்பதைப் புளூடூத் வழியே குறிப்பது. தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டுமே அது பயன்படும் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. 2021-ம் ஆண்டு ஜனவரியில், குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலீசார் அப்பதிவுகளைப் பெறமுடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மக்கள் மனம் புண்பட்டதை அரசு உணர்ந்தது. அடுத்த மாதமே, கொலை, பயங்கரவாதம் போன்ற ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே என்று எல்லை வகுத்துச் சட்டம் இயற்றப்பட்டது. சொன்ன சொல் தவறிற்று எனினும், தவறியது வெளிப்படையாகப் பேசப்பட்டுச் சட்டத்தால் வரம்பு கட்டப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மலேசியாவில் வாயிற்பதிவுகள் 90 நாட்களுக்குப் பின் அழிக்கப்படும் என்று சுகாதாரத் தரப்பில் கூறப்பட்டது. 2021-ம் ஆண்டு மே மாதத்தில், தொற்று பெருகக்கூடிய இடங்களை முன்கூட்டியே கணிக்கும் ‘ஹைட்’ என்ற ஏற்பாட்டின் பட்டியல் வெளியிடப்பட்டது. பேரங்காடிகள் பல அதில் இடம்பெறவே, வணிகர்கள் கலங்கினர்; பட்டியல் ஓர் எச்சரிக்கையே என்று விளக்கம் கூறவேண்டியதாயிற்று. 2022-ம் ஆண்டு மார்ச்சில் அச்செயலி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நாடாளுமன்றம்வரை சென்றது. அவ்வாண்டு மே 1-ம் தேதி முதல் வாயிற்பதிவு கட்டாயமன்று என்றாயிற்று. நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-ம் ஆண்டில் இயற்றப்பட்டு 2013-ம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 2024-ம் ஆண்டுத் திருத்தம் நிறுவனங்களின் பொறுப்பை இறுக்கிற்றேயன்றி இவ்விலக்கைத் தொடவில்லை. காப்பிக் கடைக்காரர் பதிவேட்டைத் தவறாகப் பயன்படுத்தினால் சட்டம் கேட்கும். அரசாங்க அலுவலகம் அவ்வாறு செய்தால் அந்தச் சட்டம் கேட்காது.

ஜெலுத்தோங் கடைகளில் அந்தச் சதுரச் சித்திரங்கள் நீங்கிவிட்டன. அவற்றுக்குப் பதிலாகப் பணம் செலுத்தும் சதுரச் சித்திரம் கல்லாப்பெட்டியின் அருகே நிற்கிறது. கோப்பித் தண்ணீருக்கு அதைக் காட்டிப் பணம் கட்டுகிறவர், இன்ன கடையில் இன்ன நேரத்தில் இருந்தேன் என்று வங்கிக்கும் பணப்பைச் செயலிக்கும் எழுதிக்கொடுக்கிறார். இதற்கு எவரும் பெயர் கூப்பிடுவதில்லை. 90 நாளில் அழிப்பதாகவும் எவரும் சொல்லவில்லை. மைசெஜாத்ராவுக்கு முணுமுணுத்தவர்களும் இதற்கு முணுமுணுப்பதில்லை, வசதி அப்படி.

பணம் செலுத்தும் பதிவைத் தவிர்க்க ரொக்கம் ஒன்றே வழி. செயலிகளின் விஷயத்தில் அவ்வளவு கடுமை வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டு முதல் ஆப்பிள், ஆண்ட்ராய்டு இரண்டிலும், ஒவ்வொரு செயலிக்கும் ‘பயன்படுத்தும்போது மட்டும்’ இடத்தைக் காட்ட அனுமதிக்கலாம். திறக்காதபோது அது பார்க்காது. டிம் ஹார்ட்டன்ஸ் போன்ற செயலிக்கு அந்த அனுமதியே மிகுதி. ஆப்பிளில் 2020-ம் ஆண்டிலும் ஆண்ட்ராய்டில் 2021-ம் ஆண்டிலும் இன்னொரு தெரிவு வந்தது: துல்லியமான இடத்தை மறைத்துத் தோராயமான வட்டாரத்தை மட்டும் காட்டுவது. மழை வருமா என்று சொல்லும் செயலிக்குத் தோராயம் போதும். ஜெலுத்தோங்கில் இருட்டிக்கொண்டு வரும் மேகம் பெரும்பாலும் குளுகோரையும் நனைத்துவிட்டுத்தான் போகும். வாடகைக் காரை அழைக்கும் செயலிக்கு மட்டும் துல்லியத்தைத் தரவேண்டும். இல்லாவிடில் கார், துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச் சாலையின் அந்தப் பக்கத்தில் வந்து காத்து நிற்கும்.