உழைச்செல்வார் தம்மைப் பேணுதல்

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. நோயாளன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றன்பின் நான்காவதாக வைக்கப்பெற்றவன் உழைச்செல்வான். அருகிருந்து பணிசெய்வோன் என்பது பொருள். இன்று தாதியென நாம் வழங்குவது இவரையே. அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியதைச் செய்யும் வன்மை, அறிவு ஆகிய நான்கும் இவர்க்குரிய இயல்புகள் எனப் பரிமேலழகர் உரைப்பர். வடமொழிச் சரக சங்கிதையும் ஏறக்குறைய இவற்றையே எண்ணும். தம்முடலைத் தாம் காத்துக்கொள்ளும் ஆற்றல் இரண்டிடத்தும் தனியே எண்ணப்படவில்லை.

வள்ளுவர் இதனை மறந்தார் எனக் கொள்ளற்க. அவ்வதிகாரத்துப் பத்துக் குறள்களுள் ஆறு, அளவறிந்து உண்டலையே பேசுகின்றன. மருத்துவனைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே எழுகின்றது. தன்னைப் பேணல் யாவர்க்கும் பொதுவாயின், பணிசெய்வோர்க்கு மட்டும் அதில் விலக்கு உண்டோ?

தற்பேணல் என்னும் கருத்தைத் தாதியியலில் நிலைநாட்டியவர் அமெரிக்கரான டொரத்தியா ஓரெம் அம்மையார் (1914 - 2007). 1971இல் வெளிவந்த தம் நூலில் இதனை விரித்துரைத்தார். அவர் கொள்கைப்படி, இவ்வாற்றல் பிறவியோடு வருவதன்று, பயின்று பெறுவது. வயது, பால், உடல்நிலை, குடும்பம், வாழ்முறை, சூழல், கைப்பொருள் முதலியன அதனைக் கூட்டவும் குறைக்கவும் வல்லன. நோயாளரை நோக்கிக் கூறப்பட்ட இது, தாதியம் பயில்வோர்க்கும் நன்கு பொருந்தும்.

கண்டித் தாதியர் கல்லூரியிலும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் பயில வரும் நம் பெண்களை எண்ணுக. அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வருபவளுக்கு வீட்டுமொழி தமிழ், பாடநூல் ஆங்கிலம், கட்டிலில் கிடப்போருட் பெரும்பாலோர் பேசுவதோ சிங்களம். மூன்று மொழிக்கும் ஈடுகொடுப்பவளுக்கு உறக்கம் குறைவது வியப்பன்று. 2022இன் பொருளாதார நெருக்கடியில் விலைவாசி ஏறியபோது, மாதப் படியில் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காலையுணவைத் துறந்த மாணவியொருத்தியை யான் அறிவேன். நீரிழிவு நோயாளிக்கு வேளை தவறாது உண்ணுமாறு அறிவுரை கூறியவளும் அவளே! அவளிடம் அறிவிற்குக் குறைவில்லை. குறைந்தது பொருளும் பொழுதுமே.

வளர்ப்பு முறையும் இங்கு வந்து சேர்கின்றது. அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்பதே பெண்ணுக்கு அழகு என்று நம் இல்லங்கள் பழக்கிவிட்டன. அப்பழக்கம் நோயாளர் விடுதிக்குள்ளும் உடன் வருகின்றது. தியாகமென்று இதனைப் போற்றுவோர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. உறங்காத கண் மருந்தின் அளவைப் பிழைபடப் படிக்குமாயின், அதன் விலையைக் கொடுப்பவன் கட்டிலிற் கிடப்பவனன்றோ?

உலகம் இதனைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தது. மருத்துவர் ஏற்கும் ஜெனீவாப் பிரகடனத்தில் தம் நலத்தைத் தாமே பேணும் உறுதிமொழி 2017இலேதான் சேர்க்கப்பட்டது. உலகத் தாதியர் பேரவை 2021இல் திருத்திய நெறிமுறைக் கோவையும் தாதியின் சொந்த உடல்நலத்தைக் குறிப்பிடுகின்றது.

ஏட்டில் ஏறிய இது கால அட்டவணையிலும் ஏறவேண்டும். இராக்கடமை முடித்து வருபவளை அன்று காலையே விரிவுரைக்கு அழையாதிருத்தல் எந்நிறுவனத்திற்கும் இயலாததன்று. விடுதிச் சமையற்கட்டில் அவளுக்கென ஒரு கோப்பை இலைக்கஞ்சியைச் சூடாக வைத்திருக்கவும் பெருஞ்செலவாகாது.